மூன்று கிலோ

பாசல் ட்ராம் டிப்போவில்
இரவு இரண்டேகாலுக்குத் தேநீர் இடைவேளை.
அதற்குள் பதினாறு பெட்டி கூட்டியாயிற்று.
இன்றைக்கு ஒரு குழந்தைச் சப்பாத்து கிடைத்தது,
இடக்கால், என் பெருவிரல் நீளம்.
யன்னல் விளிம்பில் வைத்திருக்கிறேன்.

சுவேந்தினிக்கு ஏழாம் மாதம்.
அன்னாசி தொடவே கூடாது என்றார் லண்டன் மாமி.
அன்னாசிக்கு என்ன, நல்லதுதானே என்றார் டொரன்டோ மாமி.
ஒரே ஞாயிறு, ஒரே தொனி.
தொட்டிலை இப்போதே வாங்கு.
ஐயோ, பிறக்குமுன் தொட்டில் வாங்குவார்களா?
நூலகத்தில் எடுத்த ஜெர்மன் புத்தகம்
நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
அவர்களும் எங்களைப்போல
வினையைக் கடைசியில் ஒளித்துவைக்கிற ஆட்கள்;
பிள்ளையைத் தூக்கவா கிடத்தவா என்று அறிய
முற்றுப்புள்ளி மட்டும் மூச்சடக்க வேண்டும்.

பெக்கிம்தான் சொன்னான்.
கொசோவோக்காரன், நாலு பிள்ளைகளின் தகப்பன்.
வாளியைக் கவிழ்த்துக் குந்தியிருந்து
பாணைக் கடித்தபடி:
"ஒற்றைக் கையால் பழகு.
போத்தல் மூடி, கதவுத் திறப்பு, சப்பாத்து நாடா, எல்லாம்.
மற்றக் கை இனி உன்னுடையதில்லை."
அவ்வளவுதான்.
பாணில் மிச்சம் பாதி எனக்கு.

வீட்டில் மூன்று கிலோவுக்குப் பிள்ளை ஏது?
சிவப்பரிசிப் பை இருந்தது,
ஐந்தில் இரண்டை நாங்கள் தின்றுமுடித்தது.
வாயை ரப்பரால் கட்டி இடக்கையில் சாய்த்தேன்.
முதல்நாள் தேயிலை டப்பாவைப் பல்லால் திறந்தேன்.
இரண்டாம் நாள் முட்டை உடைந்தது,
தாச்சிக்கு வெளியே.
ஒன்பதாம் நாள் திறப்பு கைநழுவாமல்
கதவு திறந்தது.
படியில் நின்ற கீழ்வீட்டு கெல்லர்ஹால்ஸ் அம்மா
எனக்கொரு வணக்கம், அரிசிக்கொரு வணக்கம் வைத்தாள்.

சுவேந்தினி வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள்.
உள்ளே இருப்பது உதைக்கிறதாம்,
தனக்கு முன்னால் ஒன்று மடியேறிய கோபத்தில்.

நேற்றுக் காலை வேலையால் வந்து சரிந்தவன்
எழும்பிப் பார்க்கிறேன், மாலை நான்கு.
நெஞ்சில் பை.
அதன் தலைக்குக் கீழே என் உள்ளங்கை.
அரிசிக்கு எது தலை என்று கேட்காதீர்கள்.

"உலைக்கு அரிசி இல்லை" என்றாள்.
இருக்கிறதே என்று வாயெடுத்தேன்.
இரண்டு பேரும் கட்டிலைப் பார்த்தோம்,
பிறகு வேறெங்கோ பார்த்தோம்.

கடை பூட்டுமுன் போகவேண்டும்.
வாசலில் குனிந்து
வலக்கையால் மட்டும் நாடாவை முடிந்தேன்.
இடக்கை சும்மாதான் இருந்தது,
முழங்கையில் மடிந்தபடி.