எட்டாம் தடம்

ஒன்று, எல்லோரையும் சேர்த்த கலவை.
இரண்டு, இம்தியாஸ் தூக்கிப் பிடிக்கும் பூம்.
மூன்று, கிருபைராசா. கதாநாயகன்.
நெஞ்சுமயிர் உரசும், பிளாஸ்டர் இரண்டு வேண்டும்.
நான்கு, திலோசனா.
தாலியில் முட்டிக் கிணுகிணுத்ததால்
மைக்கைக் கொண்டைக்குள் ஒளித்தேன்.
ஐந்து, பொலிஸ் வேடத்துச் சுமனபால மாத்தயா.
ஆறு, அவர் சொல்வதைத் தமிழாக்கும் கான்ஸ்டபிள்.
ஏழு, படகு விலைபேச வரும் தரகர்,
வேடத்துக்கு வெளியிலும் தரகர்;
மதியச் சாப்பாட்டுக்குள்
உப்புவெளியில் எனக்கொரு காணி காட்டிவிட்டார்.

படம் முடியுமட்டும் இலக்கம் மாறாது.
ஒருவர் வராத நாளில்
அவர் தடம் வெறுமையாய் ஓடட்டும்,
இன்னொருவரை அதில் ஏற்றமாட்டேன்.
கொழும்பில் இருட்டறைக்குள் இருக்கிற எடிட்டருக்கு
இலக்கம் முதல், முகம் பிறகு.

எட்டு சும்மா கிடந்தது.
பல் விழுந்த இடத்துக்கு நாக்குப் போகிறமாதிரி
என் விரல் அடிக்கடி அங்கே போனது.

திருக்கடலூர்க் கரை, விடிய ஆறரை.
நாயகி அழுகிறாள், நாயகன் கடலைப் பார்க்கிறான்.
பின்னால், மங்கலாக,
மீன் கூறுபோடுகிற மனுசி ஒருத்தி.
மதலேனா.
அது வேடமில்லை, அவளுடைய தொழில்.
"ஒண்டும் கதைக்க வேண்டாம்,
சும்மா வாயை அசையுங்கோ" என்றார் டைரக்டர்.
ஒன்றும் கதைக்காதவளுக்கு ஏன் மைக் என்றான் இம்தியாஸ்.
பற்றரி மிச்சம் இருக்கு என்றேன்.

முதல் டேக்கில் படகு எஞ்சின்.
இரண்டாவதில் மான் ஒன்று வந்து
திலோசனாவின் வசனத்தாளைத் தின்றது.
மூன்றாவதில் கோயில் ஒலிபெருக்கி
காணாமற்போன பேர்ஸ் ஒன்றை அறிவித்தது.

நாலாவதில் எட்டாம் ஊசி துள்ளியது.
மற்றவர்களைத் தாழ்த்தி
அதை மட்டும் காதுக்குள் எடுத்தேன்.
முந்தானைக்குள் போன்.

"ஐயோ தம்பி, நான் பெரியாஸ்பத்திரியில கிடக்கிறன்.
ஓமடா, சேலைன் ஏறுது.
கிழமைக் கட்டுக்காசு... படுத்த படுக்கையில எப்பிடி ராசா?
இரைச்சலோ? ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில கடல்தானே.
அழுறதோ?
அது பக்கத்துக் கட்டில் பிள்ளை.
பாவம், புருசன் எட்டியும் பாக்கேல்லை."

கை நிற்கவில்லை.
சூடை ஒரு கூறு, சாளை ஒரு கூறு.

மூன்று நாளாய்த் திலோசனாவின் அழுகையை
எங்களில் ஒருவரும் நம்பவில்லை.
லோன்காரன் நம்பினான்.

"கட்" என்றார் டைரக்டர், அருமை என்றார்,
திலோசனாவைப் பார்த்து.

இரவு அறையில் தாளை நிரப்பினேன்.
மூன்று நன்று. நான்கு நன்று.
ஐந்தில் தொப்பி உரசல், பத்தொன்பதாவது வினாடி.
எட்டுக்கு நேரே பேனை நின்றது.
பெயரை எழுதினால் டைரக்டர் கேட்பார்,
கேட்டால் விடமாட்டார், படத்தில் வைப்பார்.
படம் ஓடினால், கடவுளே ஓடட்டும்,
லோன்காரனும் ரிக்கெற் எடுப்பான்.
அழிக்கவும் முடியாது.
பதிந்ததை அழிப்பதில்லை, அது இன்னொரு சட்டம்.

எட்டு: கச்சான்.

எடிட்டர் போனெடுத்தான்.
"ஆர் அக்கா ஷூட்டிங்கில கச்சான் சாப்பிட்டது?"
"காத்தடா. கச்சான் காத்து.
உந்தத் தடத்தில ஒண்டுமில்லை, திறவாத."
அன்றைக்கு ஓலைகூட அசையவில்லை.

அடுத்தநாள் அதே கரை, அதே இலக்கம்.
மைக்கைக் குத்தக் குனிந்தேன்.
நான் குத்துகிறேன் என்று வாங்கினாள்,
சட்டையின் உட்புறம், வயரைச் சுருட்டி,
நான் செய்வதைவிட வடிவாய்.
விரலால் இரண்டு தரம் தட்டினாள்.

ஐம்பதடி தள்ளி, குடைக்குக் கீழே,
என் இரண்டு காதுக்கும் நடுவில் அவள் குரல்:

"சேலைன் முடிஞ்சுது பிள்ளை."