பின்மூடிக்குள் ஒரு தேதி

சுலோஜினி பெட்டியை மேசையில் வைத்தபோது
அதன் மூலையில் மழை ஒட்டியிருந்தது.
"புதுசா பழசா, அத மட்டும் சொல்லுங்கண்ணே."
குடையை மடக்கவில்லை.
பொகவந்தலாவை பஸ்ஸுக்கு இன்னும் இருபத்தைந்து நிமிஷம்.

ஆன்லைனில் எடுத்தது.
சீட்டுக் காசு, ஐம்பத்தெட்டாயிரம்.
எண்ணி வாங்கிய பிறகுதான் பார்சலைக் கொடுத்தானாம்
பாலத்தடியில்,
மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே.

வெளியிலிருந்து தொடங்குவது என் வழக்கம்.
கண்ணாடி உறையில் ஒரு சுருக்கம் இல்லை.
(அதற்கு ஹேர் டிரையர் போதும்.
என்னிடமும் ஒன்று இருக்கிறது.)
நட்சத்திரம், ஹேஷ், சைபர், ஆறு, ஹேஷ்:
திரையில் வந்த பதினைந்து இலக்கமும்
பெட்டியிலிருந்த பதினைந்து இலக்கமும்
சம்பந்தி வீட்டார்போல் ஒத்துப்போயின.
அந்த ஸ்டிக்கரை அடித்துக் கொடுக்கவும்
கொழும்பில் ஆள் உண்டு என்பதை
அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

சார்ஜ் துளைக்குள் டோர்ச் அடித்தேன்.
ஒரு நூல், ஒரு தூசு இல்லை.
புதுசுக்கும் இவ்வளவு சுத்தம் இருக்காது.

சிம் தட்டை உருவினால் உள்ளே
ஈரம் காட்டும் பொட்டு சிவந்திருந்தது.
அதைச் சாட்சிக்கு எடுக்க முடியாது.
அட்டன் மூடுபனியில்
அலமாரியைவிட்டு இறங்காத போனுக்கும் அது சிவக்கும்.
கொழும்பில் எழுதிய விதிகள்
கினிகத்தேனைக்கு மேலே ஏறுவதில்லை.

திரையின் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன்.
பசை பிதுங்கவில்லை, தட்டுப்படவில்லை.
யாராவது ஒட்டியிருந்தால்
நல்ல கை, என்று நினைத்தேன்.

"எழுபது வீதம் புதுசு."
"அது என்னண்ணே,
எழுபது வீதம் கல்யாணம் மாதிரியா?"

"பின்மூடியத் திறந்தா நிச்சயம் சொல்லலாம்.
ஆனா திறந்தா, அவன் திருப்பி எடுக்கமாட்டான்."
கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தாள்.
"திறங்க. தெரியாம வச்சிருக்க ஏலாது."

சூடு காட்டி, மெல்லிய தகட்டைச் செருகி,
ஒரு பக்கம், மறு பக்கம்,
மூடி பெருமூச்சோடு எழும்பியது.

பேட்டரிமேல் வெள்ளி மார்க்கரில்
வி. 14/8.
மேலே சுழித்த கொம்பு
வலப்பக்கம் சாய்ந்து விழுகிற வி.
பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியும் நிமிராத
என் வி.

போன ஆகஸ்ட். நோர்வூட் அருள்தாஸ்.
தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டு
அரிசிக்குள் புதைத்துக் கொண்டுவந்தான்.
மூன்று நாள் எடுத்தேன். திரை, பேட்டரி, ஸ்பீக்கர் வலை.
"புதுசு மாதிரி ஆக்கிட்டேன்" என்று
நான்தான் சொன்னேன்.
கட்டாருக்குப் போகுமுன் கொழும்பில் விற்றிருப்பான்.
இறங்கிய பாதையிலேயே ஏறியிருக்கிறது,
புதுப் பெட்டி, புது உறை, புது விலை.

பொட்டு உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.
பாவம், பனிமேல் பழி போட்டேன்.

வேன் என்றால் நம் ஆட்கள்
"ஜப்பான் ரீகண்டிஷன்" என்று
மாலை போட்டுக் கோயிலுக்கு ஓட்டுகிறார்கள்.
போனுக்கு மட்டும் ஏன்
கன்னி வேஷம் கட்ட வேண்டும்?
இதை அவளிடம் கேட்கவில்லை.
ஐம்பத்தெட்டாயிரம் என்னுடையதல்ல.

"பழசு," என்றேன்.
"எப்பிடித் தெரியும்?"
மூடியைத் திருப்பிக் காட்டினேன்.
பெயர்ப் பலகையைப் பார்த்தாள்,
விமலேந்திரன் போன் கெயார்,
அதே கொம்பு, அதே சாய்வு.

திட்டுவாள் என்று இருந்தேன்.
குடையை மடக்கினாள்.
ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

"அவனுக்கு நான் போன் போட்டுச் சண்ட புடிப்பேன்,
அது வேற.
ஒட்டுன கை உங்க கை.
அப்ப கேரண்டி நீங்கதானே?"

பஸ் ஹோர்ன் அடித்தது,
இரண்டாம் முறையும் அடித்தது.
ரசீதுப் புத்தகத்தை எடுத்து
ஆறு மாசம் என்று எழுதினேன்.

"ஒரு வருஷம்," என்றாள்.