எட்டடிக்குள் அடங்கிய பேர்

கருங்கல் சந்தை முக்கில் என் பிளெக்ஸ் கடை.
எட்டடியில் பேர் கொள்ளவில்லை;
கிறிஸ்து நிற்க வேண்டிய இடத்தில்
ஒரு எக்ஸ், அப்புறம் மஸ்.

கமிட்டி டெலஸ்போர் வந்து பார்த்தார்.
"ஆண்டவரையே வெட்டிப் போட்டியேடே!
தப்புக் கணக்குக்கு வாத்தியார் போடுத வெட்டுல்லா இது?"

கிரேக்கத்தில் இது 'கி', அண்ணே,
கிறிஸ்து என்ற பேரின் முதல் எழுத்து.
தோலில் எழுதினவர்களும்
இடம் மிச்சம் பிடித்தார்கள்,
என்னைப்போல.

"கிரேக்கனா நன்கொடை தாறான்?"
பன்னிரண்டடிக்கு ரூபாய் எண்ணி வைத்தார்.

தள்ளுபடியானதைக்
குறும்பனை கிளீட்டஸ் சுருட்டிக்கொண்டு போனான்.

நேற்று பார்த்தேன்.
மழைக்கு, அவன் வள்ளத்து எஞ்சின்மேல்
மல்லாந்து கிடக்கிறது அந்த எழுத்து,
கையும் காலும் விரித்து,
பிறந்து ஒருநாள் ஆன பிள்ளை மாதிரி.