கண்ணாடி கொண்டு வரலை

ஐந்து நாள் பயிற்சி.
ஸ்ரீராமபுரத்தில் ரேஷன் கடைக்கு மேலே தகரக் கூரை ஹால்.
பதிவேட்டில் கையெழுத்து போட்டால்
ஒரு நீலக் கோப்பு, ஒரு பேனா, இரண்டு பிஸ்கட்.
முதியோருக்கு எழுத்துச் சொல்லித்தர வந்தவர்கள்
பதினேழு பேர்.
பாதிப் பேர் பி.ஏ. முடித்துவிட்டு
எங்கேயோ பில் போடுகிறவர்கள்.

நாகவேணி மேடம் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்.
உலகத்தில் இல்லாத எழுத்து,
முந்தின இரவு அவரே உட்கார்ந்து உண்டாக்கியது.
வரிசையாய்க் கொக்கிகள், கழுத்தில்லாத பறவை ஒன்று,
வால் நறுக்கிய ஏதோ ஒன்று.
"வாசிங்க. சத்தமா. நீங்கதான் முதல்ல."

பதினாறு பேரும் என்னைப் பார்த்தார்கள்.
தாளைத் தள்ளிப் பிடித்தேன்.
கிட்டே பிடித்தேன்.
ஜன்னல் பக்கம் திருப்பினேன்.
வாய் தானாகச் சொன்னது:
"கண்ணாடி கொண்டு வரலை மேடம்."

நான் கண்ணாடியே போடுவதில்லை.

அவர் சிரிக்கவில்லை.
கரும்பலகையில் அதை அப்படியே எழுதி
மேலே 'பாடம் ஒன்று' என்று போட்டார்.

எழுத்துத் தேர்வில் அறுபதுக்கு ஐம்பத்தொன்று.
'கற்பவர் தயங்கினால் நீங்கள்
அ. ஊக்குவிப்பீர்கள்
ஆ. உதவுவீர்கள்
இ. காத்திருப்பீர்கள்
ஈ. மேற்கண்ட அனைத்தும்.'
ஈ போட்டேன். எல்லோருமே ஈ.

மிச்சம் நாற்பது, வகுப்பு எடுத்துக் காட்டினால்.
எனக்கு வாய்த்தவர் முனிரத்தினம்,
சிட்டி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்.
வயது கேட்டதற்கு "ஐம்பது போட்டுக்கோங்க."
சாயக் குறியை வைத்தே எந்தக் கடை மூட்டை என்பார்;
வெங்காயமா பூண்டா என்று முதுகுக்கே தெரியும்.
கணக்கு நோட்டில் மட்டும் கட்டைவிரல்.

கையேட்டின் முதல் சொல், மரம்.
அட்டையை நீட்டினேன்.
"மரம் எதுக்கும்மா?
பாக்கின்னு எழுதக் காட்டுங்க.
என் கைநாட்டுக்கு எதிர்ல அதான் எழுதியிருக்குன்னு
மேஸ்திரி சொல்றாரு.
இருக்கான்னு நான் பாக்கணும்."

எழுதிக் காட்டினேன்.
சாக்பீஸை வாங்கினார்.
பா வந்தது, தள்ளாடியபடி.
பிறகு எதுவும் வரவில்லை.
பின்வரிசையில் மதிப்பீட்டாளர் கடிகாரம் பார்த்தார்.
கீழே கடையில் யாரோ மண்ணெண்ணெய் கேட்டு
இல்லையென்று திரும்பிப் போனார்கள்.
நான் வாயைத் திறக்கவில்லை.
நான்கு நிமிடம்.

இடுப்பில் செருகியிருந்த இரும்பைத் தொட்டுப் பார்த்து
"கொக்கியில வர்ற கியா இது?" என்றார்.

நேர மேலாண்மை: பத்துக்கு நான்கு.
குறிப்பு: கையேட்டைப் பின்பற்றவில்லை.
ஆனாலும் தேர்ச்சி.
சான்றிதழைப் பிளாஸ்டிக் உறை போட்டு
அரிசி டின்னுக்கு மேலே சாத்தி வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை அவர் மட்டும் சீக்கிரமே வந்தார்.
"பாத்தீங்களா? இருந்துச்சா?"
"தேடினேம்மா. பாவும் இல்ல கியும் இல்ல."
மகனுடைய போனை நீட்டினார்.
நோட்டுப் பக்கத்தைப் படம் பிடித்திருந்தான்.
அவசரக் கையெழுத்து. முழுக்கக் கன்னடம்.

ஆம்பூரிலிருந்து கல்யாணமாகி வந்து ஏழு வருஷம்.
பேசிவிடுவேன், பேரமும் பேசுவேன்.
பஸ்ஸை நம்பர் பார்த்துத்தான் பிடிக்கிறேன்.

போனைத் தள்ளிப் பிடித்தேன்.
கிட்டே பிடித்தேன்.
அந்த வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது.

"எனக்கு இது படிக்கத் தெரியாதுண்ணே."

முனிரத்தினம் என்னைப் பார்த்தார்.
பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து
எனக்கு இடம் விட்டார்.