இடதுகரை மதகுகள்

தட்டில் வலது பாதி கழுவி வைத்தாற்போல் இருக்கிறது.
இடது பாதியில் கத்தரிக்காய், அப்பளம்,
போட்டது போட்டபடி.
"கறி வைக்கலையா இன்னிக்கு?"
தட்டை அரை வட்டம் திருப்புகிறேன்.
"இப்பத்தான் கொண்டாந்தியா" என்று சாப்பிடுகிறார்.
இடது கன்னத்தில் நாலு நாள் வெள்ளை.
கண்ணாடி முன்னால் நின்று
தானே சவரம் செய்துகொண்ட முகம்.

முப்பத்தொரு வருஷம் லஸ்கர் வேதரத்தினம்.
ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வந்தாலும்
டார்ச்சோடு போய் சட்ரஸில் பலகை தூக்கியவர்.
வலப்பக்க மூளையில் ரத்தக் குழாய் அடைத்தது
ஒரு மாசி மாதம், பல் துலக்கும்போது.
கண்ணில் கோளாறில்லை என்றார்கள் தஞ்சாவூரில்.
பார்வை இருக்கிறதாம்;
அந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்ற
நினைப்புதான் இல்லையாம்.

செவ்வாயும் வெள்ளியும் ஸ்கூட்டியில் வருவாள்
கூத்தாநல்லூர் ஜெஸிமா.
மடியில் கிடக்கும் கையைத் தொட்டு
"இது யாரு கை, சார்?"
"இவளோடது. எப்பவும் இங்கயே வச்சுட்டுப் போயிடுவா."
வாசல்படியில் நின்றிருந்தேன்
என் இரண்டு கையிலும் சோப்பு நுரையோடு.

தாளில் நாற்பது கோடு. எல்லாவற்றையும் அடிக்க வேண்டும்.
"அடிக்கிறதுக்கு முன்னாடி சொல்லுங்க,
எத்தனை விட்டுப்போகும்?"
"ஒண்ணுகூட விடமாட்டேன்."
ஓரத்தில் பூஜ்யம் எழுதிக்கொண்டாள்.
விட்டது இருபத்துமூன்று.
திருப்பிக் காட்டினால்
"தாளை மாத்திட்டியேம்மா" என்று சிரிக்கிறார்.
பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.
அதுதான் பயமாக இருந்தது எனக்கு.

ஒருநாள் கேட்டாள்:
"சட்ரஸ் மேல நிக்கிறீங்க.
தண்ணி போற பக்கம் பார்த்து.
மதகெல்லாம் வரிசையா சொல்லுங்க."
பெருமாள் வாய்க்கால், ஓடத்துறை, பிடாரிமதகு,
பனங்காட்டு வாய்க்கால்...
ஒன்பதும் வலதுகரை.
"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான். ஆத்துக்கு வேற ஏது?"

விரலில் எண்ணினேன். ஏழு காணோம்.
என் அம்மா வீட்டு வயலுக்குப் பாய்கிற
குறிச்சி வாய்க்கால் அதில் ஒன்று.
பெண் பார்க்க வந்த அன்று
அதன் கரையில்தான் சைக்கிளைச் சாய்த்திருந்தார்.

ஜெஸிமா விடவில்லை.
"இப்ப ஆறு மைல் கீழே இருக்கீங்க.
சைக்கிள்ல சட்ரஸைப் பார்த்துத் திரும்பி வர்றீங்க."
கண்ணை மூடினார்.
உப்புக்காரன் வாய்க்கால், மேலப்பிள்ளை மதகு,
குறிச்சி...
ஏழும் வந்தன, ஷட்டர் எண்ணோடு.
ஒன்பதும் போன இடம் தெரியவில்லை.

தொலையவே இல்லை எதுவும்.
அவர் முதுகைத் திருப்பும் பக்கமெல்லாம்
ஒரு கரை வற்றி ஒரு கரையில் நீர்.

அதற்குப் பிறகு தட்டின் இடது ஓரத்தில் சிவப்பு டேப்.
பேப்பரிலும், கதவிலும், கட்டில் சட்டத்திலும்.
டேப் கண்ணில் படும்வரை தலை திரும்ப வேண்டும்.
"மட்டக்கல்லு மாதிரியா?"
"அதேதான் சார்."
கொஞ்ச நேரம் கழித்து, எரிச்சலாக:
"எனக்கு அங்க எதுவும் இல்லைன்னுதானே தோணுது.
நீங்கதான் இருக்குங்கறீங்க."

நான் கேட்டேன்:
"கடைமடைக்குப் போயிருக்கீங்களா ஒரு தடவையாவது?"
"இல்லை."
"எதை நம்பி ராத்திரியில் எழுந்து போனீங்க?"
யோசித்தார்.
"ரெஜிஸ்டர்ல ஏக்கரா எழுதியிருக்குமே."

போன வெள்ளி, மறுபடி நாற்பது கோடு.
"எத்தனை விட்டுப்போகும், சார்?"
பேனா மூடியைக் கடித்தபடி வெகுநேரம்.
"மூணு இருக்கும்."
விட்டது பதினொன்று.
ஜெஸிமா சிவப்பு மசியில் ஒரு டிக் போட்டாள்,
அடித்த கோடுகளுக்கு இல்லை,
அந்த மூணுக்கு.

அன்றிரவு நான் தட்டைத் திருப்பவில்லை.
சோற்றைத் தாண்டி, ரசத்தைத் தாண்டி,
கழுத்து இறுக, மெதுவாக,
டேப்வரை வந்தார்.
அப்பளத்தை எடுத்தார்.
டேப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.
"இவ எங்க போனா" என்று
வலதுபக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.