ஒரு ஷில்லிங்

முதலில் தொலைந்தது ஊர்ப்பெயர்.
நந்த்-அ-வ்ரான். காக்கை ஓடை என்று பொருள்.
வெல்ஷ் தெரியாத எழுத்தர் ஒருவர்
அதைக் காதில் வாங்கித் தாளில் துப்பியிருக்கிறார்:
நாண்டிஃபிரான், நன்டவரன்,
களைத்துப்போன ஒரு வருடம் வெறும் நாண்டி.
1851 கணக்கெடுப்பில்
பதினொரு பேர், ஒருவருக்குக் காது கேளாது.
கேளாதவர் யார் என்ற இடத்தில் மை ஊறிக் கிடக்கிறது.

பிறகு ஆட்கள் தொலைந்தார்கள்.
குடும்பப் பெயர் என்ற ஒன்று
அந்த மலைக்கு இன்னும் ஏறி வந்திருக்கவில்லை.
இத்தெல் மகன் மெயிலிர்.
மெயிலிர் மகன் இத்தெல்.
இரண்டே பெயர்கள் நூறு வருடம்
மாறி மாறி ஒரே கலப்பையைப் பிடிக்கின்றன.
எந்த இத்தெல் என் இத்தெல்?

ஆவணக் காப்பகத்தில் பேனாவுக்கு அனுமதி இல்லை.
டெய்லோ என்னிடம் ஒரு பென்சிலும்
ஈயக் குண்டு தைத்த துணிப்பாம்புகள் இரண்டும் தந்தான்,
தாள் சுருளாமல் இருக்க.
தசமபாக வரைபடத்தை அவன் விரித்தபோது
மேசை போதவில்லை.
பக்கத்து மேசைக்காரர் தன் கப்பல் ஆவணங்களைத் தள்ளிக்கொண்டு
ஒரு பெருமூச்சை எனக்கு விட்டார்.

இருநூற்றுப் பதினான்கு: வீட்டடி வயல்.
இருநூற்றுப் பதினைந்து: ஊற்றுத் துண்டு.
அதற்கு மேலே, வழக்கு வயல்.
யார் யாரோடு வழக்காடினார்கள் என்று எங்கும் இல்லை,
வயல் மட்டும் இன்னும் கோபமாக இருக்கிறது.
நில உரிமையாளர்: கேப்டன் யாரோ, லண்டன்.
குடியிருப்பவர்: மெயிலிர் இத்தெல்.
"நமக்கு ஒரு பண்ணை இருந்தது" என்று
பிர்கன்ஹெட் அடுக்ககத்தில்
கேஸ் பில் வரும்போதெல்லாம் அம்மா சொல்வாள்.
அம்மா, நமக்கு ஒரு வாடகை இருந்தது.

உயில் கடைசிப் பெட்டியில் கிடைத்தது. 1783.
மூத்தவனுக்குக் குத்தகையும் இரண்டு எருதுகளும்.
இளையவனுக்கு இரும்புக் கொப்பரை.
"என் மகள் லெய்கிக்கு, ஒரு ஷில்லிங்."
அவ்வளவுதான். அடுத்த வரி பன்றியைப் பற்றியது.
லெய்கி என்ன செய்தாள்,
யாரோடு போனாள்,
ஷில்லிங்கை வாங்கினாளா, ஓடையில் எறிந்தாளா?
திருச்சபைப் பதிவேட்டை மூன்று நாள் புரட்டினேன்.
நான் இத்தெலின் வாரிசு அல்ல,
மெயிலிரின் வாரிசும் அல்ல.
என் கோடு லெய்கியிடமிருந்து இறங்குகிறது.
பென்சிலை வைத்துவிட்டு வெளியே போய்
ஒரு சிகரெட் பிடித்தேன், விட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது.

வியாழக்கிழமை பேருந்து ஏறிப் போனேன்.
ஆறங்குல வரைபடத்தின் நகல் கையில்.
அதில் ஒரு பேனாக் கோட்டின் தடிமன்
தரையில் பதினேழு அடி.
ஒரு முழு வேலியும் பள்ளமும் முட்புதரும்
அந்த மைக்குள் ஒளிந்துகொள்ளலாம்.

"ஓடை இங்கே இல்லையே" என்றேன்.
"அறுபத்து நாலு வெள்ளத்தில் அந்தப் பக்கம் போய்விட்டது,
திரும்பி வரவில்லை" என்றார் கெதின்.
இப்போது பண்ணை அவருடையது, வங்கியோடு பங்கு.
என் பெயர் நோன், என் ஆட்கள் இங்கே இருந்தவர்கள்
என்று தொடங்கினேன்.
தூரத்தில் நாய் குரைத்தது.
அவர் என்னைக் கேட்டுக்கொண்டே
சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கதவைக் கொஞ்சம் பிடி.
இடது பக்கம் விட்டுவிடாதே,
அங்கே போனால் சாலைக்கு ஓடிவிடும்."

நகலைப் பற்களில் கவ்விக்கொண்டு
கதவைப் பிடித்தேன்.
நூற்றிருபது ஆடுகள், ஈரக் கம்பளி நாற்றத்தோடு,
வழக்கு வயலுக்குள்
என்னைத் தள்ளிக்கொண்டு போயின.