ஒன்பது மில்லிமீட்டர்

உடுப்பில்லாத வண்டி என்கிறார்கள்.
ஃபோஸ்கோவிடம் போய்க் கேளுங்கள்,
ஹாரனை எங்கே ஒளிப்பது என்று
பதினோரு நாள் தூக்கம் கெட்டவன்.
ஒயர், ஹோஸ், கூலன்ட் டப்பா, பேட்டரி:
எவ்வளவு மறைக்க வேண்டியிருக்கிறது
எதையும் மறைக்காதது போலத் தெரிய.

களிமண்ணில் அவன் இழைத்த டேங்க்
முன்னே திமிறிக்கொண்டு வந்து
தொடை அணையும் இடத்தில் சட்டென்று ஒடுங்கும்.
அதற்குக் கீழே
பின் சிலிண்டரிலிருந்து இறங்கும் புகைக்குழாய்,
கையெடுக்காமல் போட்ட ஒரே கோடு.
வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைத்தான் காட்டுவான்.
என் வலது தொடைக்கும் அதைத்தான் தெரியும்.

நான் நீவெஸ். ஓட்டிப் பார்ப்பது என் பிழைப்பு.
ஜூலையில் ஃபூத்தா கணவாய்.
ஆறாயிரம் சுற்றுவரை சொன்ன பேச்சைக் கேட்கும்,
எட்டாயிரத்தில்
அது சொல்லும், நான் கேட்பேன்.
காற்றைத் தடுக்கக் கண்ணாடி கிடையாது.
நூற்றெழுபதில் கழுத்து கணக்குக் கேட்கும்.
கொண்டை ஊசி வளைவுக்கு முன்
பிரேக்கில் இரண்டு விரல் போதும்,
மூக்கைத் தாழ்த்தி
முன்சக்கரம் தாரை எழுத்துக்கூட்டி வாசிக்கும்,
ஒரு ஜல்லியைக்கூட விடாமல்.
அங்கே யாராவது என்னை நிறுத்தி
சம்பளம் வேண்டுமா என்று கேட்டிருந்தால்
வேண்டாம் என்றிருப்பேன்.

பிறகு லொயானோ.
முன்னால் ஒரு வைக்கோல் லாரி,
பின்னால் நான், இரண்டாம் கியரில்,
இருபது நிமிடம்.

அறிக்கையில் எழுதினேன்:
"வலது தொடை, உட்பக்கம். தோசைக்கல்."
இல்லை, அப்படி எழுதவில்லை,
அவர்கள் மொழியில் அதற்கு இஸ்திரிப்பெட்டி என்று எழுதினேன்.
ஃபோஸ்கோ சிரித்தான்:
"நிற்பதற்காகவா இதை வாங்குகிறார்கள்?"

சாவியை அவன் மேசையில் வைத்தேன்.
சனிக்கிழமை மதியம் இரண்டு மணி,
பொலோன்யா சுற்றுச்சாலை, முப்பத்தெட்டு டிகிரி,
கடலுக்குப் போகும் ஊர் முழுக்க அங்கேதான் நின்றது.

திங்கட்கிழமை கால் அகட்டி நடந்து வந்தான்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
கத்தியை எடுத்தான், வைத்தான்,
மறுபடி எடுத்தான்.
சாயங்காலம் குழாய்
ஒன்பது மில்லிமீட்டர் உள்ளே போயிருந்தது.
அந்த ஒரே கோட்டில் இப்போது
ஒரு முழங்கை.

"இந்த வண்டியிலேயே அசிங்கமான இடம்" என்றான்.
"நான் உட்காரும் இடம்" என்றேன்.

நவம்பரில் மிலானோவில் திரை விலக்கினார்கள்.
படம் எடுத்தவர்கள் எல்லோரையும்
தோளைத் தொட்டுத் தொட்டு
இடப்பக்கமாகவே நகர்த்திக்கொண்டிருந்தான்.
நான் வலப்பக்கம் போய் நின்றேன்.
அங்கே கூட்டமே இல்லை.